தீயவர் வேடமும் எளியவர் முகமும்

பாஸ்கா நாடகங்களில் யூதாசு வேடம் தாங்குபவரை நாம் அறிவோம். முப்பது வெள்ளிக்காசுகளை அவர் எண்ணி வாங்கும்போது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும். சிறுவர் சிலர் உரக்கவே ஏசுவர். விடிந்ததும் அதே மனிதர் முகப்பூச்சைக் கழுவிவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பார். அவரை எவரும் வெறுப்பதில்லை. அவர் பேசிய சொற்கள் எழுதிவைக்கப்பட்டவை. அவர் செய்த செயல் முன்னரே முடிவானது. காட்டிக்கொடுக்க மனமில்லை என்று மேடையில் நின்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

ஆனால், எழுதிவைத்த உரையாடலே இல்லாத ஒரு நாடகத்தை எண்ணிப் பாருங்கள். அதில் யூதாசாக வருபவர் காசை வாங்கலாம். வாங்க மறுத்து வீடு திரும்பலாம். அந்த நொடியில் முடிவு செய்பவர் அவரே. அவர் காசை வாங்கிக்கொண்டால், அச்செயலில் எத்துணைப் பங்கு வேடத்திற்கு உரியது? எத்துணைப் பங்கு வேடம் பூண்ட மனிதருக்கு உரியது? இவ்வினாவை வாரந்தோறும் எழுப்பும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல், ஒரு கதைக்கலையாக அதனை இங்கு ஆராய விரும்புகிறேன். குறிப்பாக, அவ்விளையாட்டில் ஆடுவோர் அனைவருமே தீயவர் வேடம் ஏற்கும் வகையே நம் பேசுபொருள்.

விளையாட்டின் இயல்பு

1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 'நிலவறைகளும் அரக்கப் பாம்புகளும்' என அப்பெயருக்குத் தமிழில் பொருள் கொள்ளலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெனீவா ஏரி என்னும் சிற்றூரில், ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக ஆயிரம் படிகள் மட்டும் முதலில் அச்சாயின. இன்று அது பல நாடுகளிலும் ஆடப்படுகிறது. 2016-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து இதை ஆடும் காட்சியை நம் வீட்டு இளையோர் சிலரும் கண்டிருப்பர்.

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். அவரே கதைசொல்லி, அவரே நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்வர்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர் என்றவாறு. "இருள் சூழ்ந்த காட்டுப்பாதையில் ஒரு பாலம் தெரிகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் செயலைச் சொல்வர். ஐயத்திற்குரிய செயல் நிறைவேறியதா என்பதைப் பகடை முடிவு செய்யும். இவ்வாறு வாரந்தோறும் கூடி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஒரே கதையை வளர்த்துச் செல்வதைத் 'தொடராட்டம்' எனலாம்.

பெரும்பாலும் ஆடுவோர் வீரர்களாகவே இருப்பர். ஊரைக் காப்பர், கொடியோரை வெல்வர். ஆனால் சில குழுவினர் நாமே கொடியோராக ஆடுவோம் என்று தலைகீழாய்த் தொடங்குகின்றனர். கொள்ளையர், கொலைஞர், இருள் தெய்வத்தின் பூசாரிகள் ஆகியோர் கதையின் நாயகர் ஆகிவிடுகின்றனர். இதைக் கேட்டவுடன் ஒரு கத்தோலிக்கப் பெற்றோரின் உள்ளம் துணுக்குறுவது இயல்பே. அத்துணுக்குறல் முன்னொரு காலத்தில் ஒரு பேரச்சமாகவே அமெரிக்காவில் உருவெடுத்தது.

ஓர் அச்சத்தின் கதை

1982-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்துத் தாய் ஒருவர் தம் மகனைத் தற்கொலையில் இழந்தார். மகன் ஆடிய இவ்விளையாட்டே அவனைக் கொன்றது என்று நம்பிய அவர், மறு ஆண்டு அதனை எதிர்த்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1985-இல் '60 மினிட்ஸ்' என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இக்குற்றச்சாட்டைப் பேசியது. விளையாட்டு பேய்வழிபாட்டின் வாயில் என்று துண்டுப்பிரசுரங்கள் வெளியாயின. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கண்ணீரை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. எனினும், விளையாட்டே சாவுக்குக் காரணம் என்பதைப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் நிறுவவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும்.

பதிப்பாளர்கள் அந்த அச்சத்திற்கு அளித்த மறுமொழியே நம் கவனத்திற்குரியது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 'கொலையாளி' என்னும் தொழில்வகை நீக்கப்பட்டது. பேய், பிசாசு என்னும் பெயர்களும் விலக்கப்பட்டன. சிறிது காலத்தில் அதே உருவங்கள் எவருக்கும் பொருள் விளங்காத புதுப்பெயர்களுடன் திரும்பி வந்தன. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்களே மீண்டன. இத்தனை மாற்றங்களிலும், தீமையை ஒரு கதையில் எவ்வாறு கையாள்வது என்னும் கேள்வி தொடப்படவே இல்லை. அச்சம் கொண்டோரும் சரி, அவர்களை அமைதிப்படுத்த முயன்றோரும் சரி, தீமையைப் பெயர்களிலும் படங்களிலும் தேடினர். அது அங்கே இருக்கவில்லை என்பது என் கருத்து. அது எங்கே இருந்தது என்பதை அவ்விளையாட்டின் விதிநூல்களே காட்டிக்கொடுக்கின்றன.

பெயர்ப்பலகையும் அட்டவணையும்

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஓர் 'அறச்சார்பு' உண்டு. 1974-இல் அது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றாக இருந்தது. 1978-ஆம் ஆண்டு விதிநூலில் நன்மை, தீமை என்னும் அளவையும் சேர்ந்து ஒன்பது சார்புகள் ஆயின. பாத்திரத்தின் பெயருக்கும் வலிமைக்கும் அருகே 'தீயவன்' என்று ஆடுபவரே எழுதிக்கொள்ளலாம்.

இங்கேதான் முதற்குறை. மெய்வாழ்வில் தீமை செய்பவர் எவரும் தம்மைத் தீயவர் என்று எழுதி ஒட்டிக்கொள்வதில்லை. கடன் கொடுத்துக் குடும்பங்களை அழிப்பவர் தம்மைக் கண்டிப்பானவர் என்பார். காட்டிக்கொடுப்பவர் தாம் நாட்டுக்கு உழைத்ததாகச் சொல்வார். கம்பனின் இராவணன் தன்னை அரக்கன் என எண்ணி நாணுவதில்லை. தன் வீரத்தையும் மானத்தையும் எண்ணியே அழிகிறான். 'தீயவன்' என்னும் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டதும் ஆடுபவர்க்குக் காரணம் தேடும் பொறுப்பு நீங்கிவிடுகிறது. ஏன் அந்த வணிகரைக் கொன்றாய் என்று கேட்டால், என் பாத்திரம் தீயது, ஆகவே கொன்றேன் என்பது விடை. இது கதையாகவும் தோற்கிறது, சிந்தனையாகவும் தோற்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 1975-இல் 'பிளாக்மூர்' என்னும் துணைநூலில் கொலையாளி என்னும் தொழில்வகை புகுந்தது. 1978-இன் விதிநூல், அத்தொழிலினர் தீயசார்புடையவராகவே இருத்தல் வேண்டும் என்றது. 1979-இல் வெளியான நடத்துநர் கையேட்டில் அதற்கென ஓர் அட்டவணை உண்டு. ஒருபுறம் கொலையாளியின் படிநிலை. மறுபுறம் கொல்லப்படுபவரின் படிநிலை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் வெற்றிக்குரிய விழுக்காடு. கொல்லப்படுபவர்க்கு அங்கே பெயர் இல்லை, வீடு இல்லை, அவருக்காக அழுவோர் இல்லை. அவர் ஓர் எண்.

இதைப் படித்ததும், தீயோர் வேடம் ஏற்பதே தவறு, நல்லோர் வேடத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நல்லோரின் ஆட்டத்தையும் சற்று உற்று நோக்க வேண்டும். 1979-ஆம் ஆண்டு கைகாக்ஸ் எழுதிய 'எல்லைப்புறக் கோட்டை' என்னும் ஆட்டநூல், தொடக்க நிலையினர் பலருக்கும் முதற்பாடமாக அமைந்தது. அதில் வீரர்கள் மலைக்குகைகளுக்குள் நுழைந்து கோப்ளின் முதலிய குள்ள அரக்கர்களோடு பொருதுவர். அக்குகைகளில் போரிடாத பெண்களும் குஞ்சுகுழந்தைகளும் இத்தனை பேர் என்று நூலே எண்ணிக்கை தருகிறது. அவர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அது விடை தரவில்லை. பொன்னைக் கைப்பற்றினால் அனுபவப் புள்ளி உண்டு. எதிரியைக் கொன்றாலும் உண்டு. ஆக, 'நல்லவன்' என்று எழுதிக்கொண்ட வாள்வீரன் ஒருவன், பிறர் குடியிருப்புக்குள் புகுந்து, கொன்று, பொருளோடு திரும்பி, ஊராரின் பாராட்டையும் பெறுகிறான்.

2000-ஆம் ஆண்டு வெளியான 'தலைகீழ் நிலவறை' என்னும் நூல் இதை உணர்ந்து ஒரு மாற்றம் செய்தது. அதில் ஆடுவோர் கோப்ளின்களாகித் தம் குகையைக் காக்க வேண்டும். வாளேந்தி உள்ளே வருவோர் அந்தப் பழைய வீரர்களே. வேடிக்கையாகத் தோன்றினும் அது கூர்மையான திறனாய்வு. நல்லவர், தீயவர் என்னும் பெயர்கள் இடம் மாறுகின்றன. தாக்கப்படுபவரின் வலி மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது. எனவே ஒரு தொடராட்டத்தை மதிப்பிடும்போது, ஆடுவோர் எவ்வேடம் பூண்டனர் என்பதைவிட, அவர்கள் கையில் அகப்பட்டவர்க்கு அக்கதையில் முகம் இருந்ததா என்பதே முதன்மையான வினா ஆகிறது.

தீமையின் விலை: இரண்டு முயற்சிகள்

இவ்வினாவை உணர்ந்தோ உணராமலோ, தீமைக்கு விலை வைத்த படைப்புகள் சில வந்தன. அவற்றுள் இரண்டை ஒப்பிடலாம்.

முதலாவது 'ரேவன்லாஃப்ட்'. 1983-இல் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் ஓர் ஆட்டநூலாக இதை எழுதினர். ஸ்ட்ராட் என்னும் பிரபு தன் தம்பியின் மணப்பெண்ணின் மேல் ஆசை கொண்டு தம்பியையே கொல்கிறான். அப்பெண் அவனிடமிருந்து தப்பிக் கோட்டை மதிலிலிருந்து குதித்துவிடுகிறாள். சாவற்ற இரத்தக்காட்டேரியாகிவிட்ட அவன், தன் நாட்டுக்குள் எல்லாம் வல்லவன்; அந்நாட்டை விட்டு வெளியேற மட்டும் இயலாதவன். அவனுடைய அரசே அவனது சிறை.

1990-இல் இது ஒரு முழு உலகமாக விரிந்தபோது, ஆடுவோரின் பாத்திரங்களுக்கும் அதே விதி நீட்டிக்கப்பட்டது. ஒரு பாத்திரம் கொடுஞ்செயல் புரிந்தால் நடத்துநர் பகடை உருட்டுவார். இருள் ஆற்றல்கள் அச்செயலைக் கவனித்துவிட்டால், அப்பாத்திரம் ஒரு புதிய வலிமையையும் கூடவே ஓர் உருக்குலைவையும் பெறும். மீண்டும் மீண்டும் தவறினால் வலிமையும் கூடும், உருக்குலைவும் கூடும். முடிவில் அப்பாத்திரம் ஆடுபவரின் கையை விட்டே போய்விடும். அது நடத்துநர்க்குரிய அரக்கனாகிவிடும். இவ்விதியின் நுட்பம் போற்றத்தக்கது. தீமை முதலில் பரிசு தருகிறது, பிறகே பறிக்கிறது. இறுதியில் அது பறிப்பது ஆடுபவரின் தெரிந்தெடுக்கும் உரிமையை. பாவப் பழக்கம் மனித விருப்பைச் சங்கிலியாய்ப் பிணிக்கும் என்று மறையுரைகளில் கேட்ட நமக்கு இது புதிதன்று. ஆயினும் ஒரு குறையும் சொல்லவேண்டும். இங்கே விலை செலுத்துபவன் கொடியவன் ஒருவனே. அவன் கொன்றவரின் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று விதி கேட்பதில்லை.

இரண்டாவது, பால் செகே 2003-இல் வெளியிட்ட 'மை லைஃப் வித் மாஸ்டர்'. 'தலைவனோடு என் வாழ்வு' என்று அதனைப் பெயர்க்கலாம். 2004-இல் டயானா ஜோன்ஸ் விருது இதற்குக் கிடைத்தது. 1805-ஐ ஒட்டிய நடு ஐரோப்பாவில் ஒரு நகரம். அதன் அருகே கொடிய தலைவன் ஒருவன். ஆடுவோர் அனைவரும் அவனுடைய ஏவலாளர்கள். பிணங்களைத் தோண்டவும் பிள்ளைகளைக் கடத்தவும் அவன் கட்டளையிடுவான். அவர்களுக்கு வாள்வலிமை, உடல்வலிமை போன்ற அளவுகள் இல்லை. தன்வெறுப்பு, சோர்வு, அன்பு என்னும் மூன்றே அவர்களை அளக்கின்றன. கொடுமை செய்யச் செய்யத் தன்வெறுப்பு வளரும். நகரத்து மக்களில் சிலரை மட்டும் ஏவலாள் தன் உறவாகக் கருதலாம். ஒரு ரொட்டிக்கடைப் பெண், ஒரு கிழட்டு மணியடிப்பவர் என்று யாரேனும். அவர்களை அன்பு நாடி அணுகினால், முயற்சி அவமானத்தில் முடிந்தாலும் அன்பின் அளவு ஒரு படி உயரும். அச்சமும் சோர்வும் கூடிய தொகையை அன்பு விஞ்சிய பிறகே, தலைவனின் கட்டளையை மறுத்து நின்ற ஏவலாள் கதையை அதன் முடிவுக்குத் திருப்ப முடியும்.

இவ்விளையாட்டில் தீமை வீரம் அன்று, அடிமைத்தனம். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் கட்டளைக்குப் பணிகிறார்; பணிந்ததற்காகத் தம் பாத்திரத்தின் மேல் இரங்குகிறார்; மறுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார். நான் அறிந்தவற்றுள் தீயோர் வேடத்திற்கு மிக நேர்மையான வடிவம் தந்த படைப்பு இதுவே என்பேன். இதிலும் ஒரு தடை உண்டு. ரொட்டிக்கடைப் பெண்ணுக்கு முகம் கிடைத்துவிட்டது. ஆனால் அம்முகம் ஏவலாளின் மீட்புக்கு ஒரு படிக்கட்டாகச் சுருங்கிவிடும் இடர் இருக்கிறது. விதியால் தீர்க்கமுடியாத இந்த இடரை, நடத்துநரின் மனச்சான்றே தீர்க்கவேண்டும்.

பெரிய தொடராட்டமும் அதன் இடர்களும்

நெடுநாள் ஆடும் தொடராட்டத்தில் தீயோர் கூட்டத்திற்கு வேறொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வீரர்களைக் கூட்டிவைக்க ஓர் ஆபத்து போதும். ஊர் எரிந்தால் ஓடிவருவர். கொடியோர் தாமே திட்டமிட வேண்டும். அதோடு, ஒருவர் மற்றவரை ஏமாற்றி அழிக்கத் தொடங்கினால் மூன்றாம் வாரமே கதை முடிந்துவிடும்; சில வேளை நட்பும் முடிந்துவிடும்.

2011-இல் தொடங்கி ஆறு நூல்களாக வெளிவந்த 'வே ஆஃப் த விக்கெட்' என்னும் தொடர் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டது. கேரி மக்பிரைட் எழுதிய அத்தொடரில் பாத்திரங்கள் அனைவரும் டாலிங்கார்ட் என்னும் நாட்டில் தண்டனை பெற்ற சிறைக்கைதிகள். தப்பிய அவர்களை ஓர் இருள் சமயத்தின் தலைவன் ஒப்பந்தத்தால் பிணைக்கிறான். பொதுப் பகையும் பொதுக் கட்டுப்பாடும் அவர்களைச் சேர்த்து நிறுத்துகின்றன. அவர்களுக்கு முதலில் தரப்படும் பெரும்பணி, எல்லைக் கோட்டை ஒன்றை உள்ளிருந்தே வீழ்த்துவது. கோட்டையில் வாழ்வோர் பெயரும் இயல்பும் உடையவராக விவரிக்கப்படுகின்றனர். ஆகவே அவர்களோடு பழகிய பின்னரே அவர்களை அழிக்க நேர்கிறது. ஆடுவோர் அந்த இடத்தில் தயங்கினால் நூல் வென்றது எனலாம். தயங்காமல் புள்ளிகளை எண்ணினால், பழைய அட்டவணையே புதிய அட்டையில் வந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, 2002-இல் 'முதிர்ந்தோர்க்கு மட்டும்' என்னும் குறிப்புடன் வந்த 'புக் ஆஃப் வைல் டார்க்னெஸ்' என்னும் நூல், கொடிய மந்திரங்களையும் வதைக்கருவிகளையும் வகைதொகையாக அடுக்கியது. அருவருப்பைக் கூட்டினால் தீமையின் ஆழம் கூடும் என்பது அந்நூலின் எண்ணம் போலும். குருதியின் அளவு கூடக்கூட, அது எவருடைய குருதி என்பது மறந்துபோகிறது.

மேசையில் நிகழ்வது

நூல்கள் எவ்வாறாயினும், ஆட்டம் உயிர்பெறுவது மேசையில்தான். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். ஐந்து நண்பர்கள் ஒரு கொடிய சிற்றரசனின் வரிவசூல் கூட்டமாக ஆடுகின்றனர். ஆற்றங்கரைச் சிற்றூரில் ஓடக்காரர் ஒருவர் வரி கட்ட மறுக்கிறார். "ஓடத்தைக் கொளுத்துகிறேன்" என்கிறார் ஒருவர். பகடை உருள்கிறது, ஓடம் எரிகிறது, மேசையில் சிரிப்பு எழுகிறது.

இப்போது நடத்துநர் முன் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுவது. அப்போது ஓடக்காரர் இல்லாதவராகிவிடுகிறார். இரண்டாவது, வானத்திலிருந்து இடி விழச் செய்வது, அல்லது வெல்லமுடியாத வீரன் ஒருவனை அனுப்பிக் கூட்டத்தை அழிப்பது. நீதி வழங்கியது போல் தோன்றினும் இது மலிவான வழி. ஆடுவோர் இதிலிருந்து கற்பது, நடத்துநர் தம்மைவிட வலியவர் என்பதை மட்டுமே. மூன்றாவது வழி கடினமானது. ஓடக்காரர் கரையில் அமர்ந்து தணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லிச் சற்று நிறுத்துவது. ஐந்து வாரங்கள் கழித்து, அரசனின் சினத்துக்கு அஞ்சி ஓடிவரும் அக்கூட்டம் அதே ஆற்றங்கரையை அடையும்போது, கடக்க ஓடம் இல்லை என்பதை நினைவூட்டுவது. அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி ஓடத்தைக் கொளுத்தியவனை அடையாளம் கண்டு, ஏதும் பேசாமல் வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வதைச் சொல்வது. வெளியிலிருந்து வந்த தண்டனை என்று எதுவும் இங்கே இல்லை. அவர்கள் செய்தது அங்கேயே இருந்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள்.

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் இரண்டாம் பகுதியில், பதினாறு வயதில் தோழர்களோடு பேரிக்காய் திருடிய நிகழ்ச்சியை நெடுநேரம் ஆராய்கிறார். பசிக்காக அவர்கள் திருடவில்லை. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசிவிட்டனர். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டேன் என்பதே அவர் கண்டடையும் உண்மைகளுள் ஒன்று. தீயோர் தொடராட்டத்தை நடத்தும் எவரும் மறக்கக்கூடாத உண்மை இது. ஒருவர் சொல்லும் கொடுஞ்செயலுக்கு நால்வர் சிரித்தால், அடுத்தவர் அதைவிடக் கொடியதைச் சொல்லத் தூண்டப்படுகிறார். அங்கே பாத்திரம் பேசவில்லை, கூட்டம் பேசுகிறது. இதைத் தட்டிக்கேட்டால் பலரும் சொல்லும் விடை ஒன்றுண்டு: "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்." பாத்திரத்தைப் படைத்தவர் அவரே; அதற்கு இயல்பு வகுத்தவரும் அவரே. தாம் எழுதிய கட்டளைக்குத் தாமே பணிந்ததாகச் சொல்வது மனச்சான்றுக்குச் சொல்லும் சாக்கு அன்றி வேறென்ன?

இதை உணர்ந்த ஆட்டக்காரர்கள் சில நல்வழக்கங்களை வகுத்துள்ளனர். தொடங்குமுன் ஒரு நாள் கூடி, எவ்வகைக் கதை, எது வேண்டாம் என்று பேசிக்கொள்கின்றனர். 2003-இல் ரான் எட்வர்ட்ஸ் 'கோடு', 'திரை' என்னும் இரு சொற்களை முன்வைத்தார். கோட்டுக்கு அப்பாற்பட்டவை கதையில் நிகழவே கூடா. திரைக்குப் பின்னுள்ளவை நிகழ்ந்தாலும் விவரிக்கப்படா. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் வகுத்த 'எக்ஸ் அட்டை' மேசை நடுவில் கிடக்கும். எவரேனும் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அக்காட்சி விலக்கப்படும். குழந்தைகள் மீதான கொடுமையையும் பெண்கள் மீதான வன்முறையையும் பல குழுக்கள் முதல் நாளே விலக்கிவிடுகின்றன. இவை ஆட்டத்தைக் கோழையாக்கும் என்போர் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. மேசையில் அமர்ந்திருப்போருள் ஒருவர் அக்கொடுமையை மெய்வாழ்வில் பட்டவராக இருக்கலாம். கதைக்குள் இருக்கும் எளியவர்க்கு முகம் வேண்டும் என்று கோரும் நாம், அருகே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பாராதிருக்கலாமோ?

எஞ்சுவது

அப்படியாயின் நல்லோர் வேடத்தையே ஆடிவிட்டுப் போகலாமே, இத்தனை இடருள் ஏன் புகவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இளஞ்சிறார்க்கு இவ்வகை ஆட்டம் ஏற்றதன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. முதிர்ந்தோர்க்கும் இது கட்டாயமில்லை. எனினும், தீமையை எப்போதும் எதிர்ப்புறத்தில் நிற்கும் அரக்கனிடமே கண்டு பழகியவர்க்கு, அது தம் கையிலிருந்து எவ்வளவு எளிதாய்ப் புறப்படுகிறது என்று காண ஒரு வாய்ப்பு தேவைப்படுகிறது. குகையில் இருந்த குழந்தைகளை எண்ணிப்பாராத நல்வீரனைவிட, ஓடக்காரரின் தணலை மறக்கமுடியாத கொள்ளையன் வேடம் தாங்கியவர் கூடுதலாகக் கற்றிருப்பார்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. சி. எஸ். லூயிஸ் 1942-இல் 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மூத்த பேய் ஒன்று இளைய பேய்க்கு மனிதரை வீழ்த்தும் வழிகளைக் கற்பிக்கும் கடிதங்கள் அவை. பின்னாளில் எழுதிய முன்னுரையில், அந்நூலை எழுதுவது தமக்கு எளிதாகவே இருந்தது என்றும், எழுதியதில் மகிழ்ச்சியே இல்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பேயின் கண்ணால் உலகை நெடுநாள் நோக்கியதில் அவருக்கு மூச்சுமுட்டியது. எளிதாக இருந்தது என்பதையும் மகிழ்ச்சியில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். தீயவராய்ச் சிந்திப்பது நமக்கு எளிது; அது இன்பமாகவும் இருந்துவிட்டால் எச்சரிக்கை கொள்ளவேண்டும். வாரந்தோறும் ஆடிவிட்டு எழும்போது மனம் சற்றும் கனக்கவில்லையென்றால், அந்த மேசையில் எவரோ ஒருவரின் முகம் அழிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள்.

ஆகவே, உங்கள் இல்லத்து இளைஞர் இத்தகைய ஆட்டம் முடிந்து திரும்பும்போது, யாராக ஆடினாய் என்று கேட்டுப் பதறவேண்டாம். அருகே அமர்த்தி, கதையை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, அந்த ஓடக்காரர் என்ன ஆனார் என்று கேளுங்கள். அவருக்கு விடை தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால், அடுத்த வாரம் மேசையில் அதைக் கேட்டு வரும்படி சொல்லுங்கள்.